ஒன்பதாவது கேள்வி

நான் வேலை பார்த்த நாளிதழ் ஆண்டு மலர் ஒன்று கொண்டுவருகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். அதற்காகப் படிவம் அனுப்பியிருந்தார்கள். பிடித்த உணவு, பிடித்த நிறம், பிடித்த புத்தகம், பொழுதுபோக்கு, உங்களைச் செதுக்கியவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே புள்ளி வைத்த ஒரு வரி. பத்து நாளாகியும் நான் அனுப்பவில்லை. மலரைத் தொகுக்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், ரெண்டு வரி போதும் சார். எல்லாரும் அனுப்பிட்டாங்க. நீங்க ஏன் நிருபர் வேலைய விட்டுட்டு டெஸ்க்குக்கு வந்தீங்கன்னும் எழுதுங்க. இங்க ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க."

என்ன கதை என்று கேட்டேன். ஒரு மந்திரியைப் பகைத்துக்கொண்டேன் என்பது ஒன்று. எனக்குக் காது மந்தம் என்பது இன்னொன்று.

"எது சார் உண்மை?"

இரண்டும் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில், இதே மாதிரிப் படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் குற்றாலத்தில் அலைந்தேன். நிருபர் வேலையை விட்டது அதனால்தான். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் என்னைத் தவிர யாரும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் உறுதியாகத் தெரியாது. அதனால் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தென்காசி அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. பள்ளி இறுதி வகுப்பு, தட்டச்சு, ஒரு வருஷம் மரக்கடையில் எழுத்து வேலை, அதன் பிறகு இது. ரயில் நிலையச் சாலையில் மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு மேஜை, ஒரு தட்டச்சுப் பொறி, ஒரு தொலைபேசி. அன்றன்றைக்குச் சேர்ந்த செய்தியை உறையில் போட்டு, மேலே சிவப்பு மையால் 'செய்தி, அவசரம்' என்று எழுதி, மாலை ரயிலில் கார்டிடம் கொடுக்க வேண்டும். மதுரையில் அச்சகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார். ரயிலைத் தவறவிட்ட செய்தி நடக்காத செய்தி மாதிரிதான்.

தலைமை நிருபர் பெயர் வேலாயுதம். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். ஒல்லியான உடம்பு. சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். நான் எழுதிக் கொடுத்ததை அவர் உட்கார்ந்து படித்ததே இல்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய், தாளை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்து, உதடு அசையப் படிப்பார். நீலப் பென்சில் காதில் செருகியிருக்கும். ஏதாவது ஒரு வரியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே, "இதை யாரு பாத்தா?" என்பார். நான் பார்த்தேன் என்றால் வரி பிழைக்கும். சொன்னார்கள் என்றால் சொன்னவர் பெயர் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பென்சில் காதிலிருந்து இறங்கும்.

அடிப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரே கோடு, அளவுகோல் வைத்தது போல. அடித்ததை வாசிக்க முடியும். "எதை அடிச்சோம்னு நமக்குத் தெரியணும்லே" என்பார். தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துப் பிரதியை மேஜைமேல் நிற்கும் கம்பியில் குத்திவைப்பார். மாதக் கடைசி வரை அது அங்கேயே இருக்கும்.

சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு தீ விபத்துக்குப் போய்வந்து, 'பத்துக் குடிசைகள் எரிந்தன' என்று எழுதினேன்.

"பத்தா? எண்ணுனியா?"

"தலையாரி சொன்னாரு, அண்ணாச்சி."

"தலையாரி எண்ணுனாரா?"

சைக்கிளில் திரும்பிப் போனேன். ஒன்பது குடிசை, ஒரு மாட்டுக் கொட்டகை. வந்து சேர்ந்தபோது ரயில் போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. "நாளைக்குப் போகட்டும். ஒன்பதுன்னு போகட்டும்" என்றார். எனக்கு அன்று பெரிய பெருமை. தப்பாக எழுதினால்தான் ஒருவருக்குக் கெடுதல் வரும், சரியாக எழுதினால் வராது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை நாலு வருஷம் நீடித்தது.

சாரல் மாதங்களில் எங்கள் நாளிதழ் ஞாயிற்றுக்கிழமைதோறும் குற்றாலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கும். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், யார் யார் வந்து தங்கியிருக்கிறார்கள், பழ விலை என்ன. அதில் ஒரு பத்திக்கு நான் பொறுப்பு. வந்து தங்கியிருக்கும் பிரமுகரிடம் போய் அவருக்குப் பிடித்தவற்றைக் கேட்டு எழுத வேண்டும். நிறம், உணவு, வாசனை, ஓசை, புத்தகம், பொழுதுபோக்கு, இடம், முன்மாதிரியாகக் கொண்டவர், கடைசியாக ஓர் ஆசை. மொத்தம் ஒன்பது கேள்வி. ஓய்வு பெற்ற நீதிபதி, மில் முதலாளி, வக்கீல், டாக்டர் என்று நாலு வாரம் நாலு பேரைப் பார்த்தேன். பிடித்த உணவு இட்லி, பிடித்த நிறம் வெள்ளை, முன்மாதிரி தாயார். நாலாவது வாரம் அண்ணாச்சி ஜன்னலோரம் நின்று படித்துவிட்டுக் கேட்டார்:

"நாலு பேருக்கும் ஒரே தாயாரா, வே?"

அந்தக் கேலியில் சூடு பட்டுத்தான் நான் இரண்டு மாற்றங்கள் செய்தேன். இனி வந்து போகிறவர்களைக் கேட்பதில்லை, அங்கேயே வேலை செய்கிறவர்களைக் கேட்பது. இரண்டாவது, பிடித்ததையே கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வழவழவென்று வருகிறது, அதனால் கடைசிக் கேள்விக்கு முன்னால் ஒன்றைச் செருகுவது: பிடிக்காதது என்ன? ஒன்பதாவது கேள்வி என்னுடையது.

முதலில் மெயினருவிக் கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரைக் கேட்டேன். பிடித்த ஓசை? "பெரிய ஆபீசர் முதுகுல கை விழுத சத்தம்." பிடிக்காதது? "தேய்க்கயில அரசியல் பேசுதவுக. தலைய ஆட்டுவாக, எண்ணெ கண்ணுல போயிரும், பொறவு என்னைய வைவாக." வாசகர் கடிதங்கள் வந்தன. மதுரையிலிருந்து பாராட்டி ஒரு வரி வந்தது. அண்ணாச்சி அதை எனக்குக் காட்டிவிட்டு மேஜைக்குள் போட்டார்.

இரண்டாவதாக நான் பிடித்தது ஞானமுத்துவின் போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்த பெண்ணை.

ஞானமுத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். சத்தமாகச் சிரிக்கிற மனிதர். அவருடைய ஸ்டூடியோவில் சுவர் முழுக்கத் துணியில் வரைந்த ஓர் அருவி தொங்கும். நிஜ அருவி நாலு பர்லாங்கில் இரைந்துகொண்டிருக்க, புதுமணத் தம்பதிகள் இந்தத் துணி அருவி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். "அந்த அருவி என் காமிராவை நனைச்சிரும், தம்பி. இது நனைக்காது" என்பார் ஞானமுத்து. எடுத்த படம் கறுப்பு வெள்ளைதான். வேண்டும் என்பவர்களுக்கு அதன்மேல் கையால் வர்ணம் பூசிக் கொடுப்பார்கள். அதைச் செய்தவர் அந்தப் பெண். ஸ்டூடியோவில் சாந்தா என்று கூப்பிட்டார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். உள்ளறை ஜன்னல் வெளிச்சத்தில், பஞ்சு சுற்றிய ஈர்க்குச்சியால் ஒரு மணமகளின் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு தம்பி? நான் என்ன சினிமாக்காரியா?"

வாசகர்களுக்குப் பிடிக்கும் என்றேன். ஞானமுத்துவும் வெளியிலிருந்து, "சொல்லேன் தாயி, என்ன வந்துச்சு" என்றார்.

"பேரு போடக் கூடாது. படம் போடக் கூடாது. கடைப் பேரும் பேப்பர்ல வரக் கூடாது."

மூன்றுக்கும் சம்மதித்தேன். முதல் கேள்வியைக் கேட்டேன். பிடித்த நிறம்?

ஈர்க்குச்சி நின்றது. "எனக்கா?" என்றார். பிறகு, "என்னைய யாரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார். அதில் வருத்தமில்லை. ஆச்சரியம்தான். நான் அப்போது குறித்துக்கொண்டதும் 'ஆச்சரியம்' என்றுதான்.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மாந்தளிர் நிறம் பிடிக்கும். சேலை என்ன நிறம் என்று சொல்லாமல் போகிறவர்களுக்கெல்லாம் மாந்தளிரையே பூசிவிடுவார். "அப்புறம் வந்து, என் சேலை பச்சைல்லான்னு சண்டை போடுவாக. ஆனா படத்தத் திருப்பிக் குடுக்க மாட்டாக." சுட்ட அப்பளத்தை மோரில் ஊறவைத்துத் தின்னப் பிடிக்கும். பென்சில் சீவிய வாசம் பிடிக்கும். பிடித்த புத்தகம், கல்யாணப் பத்திரிகை. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போவதை எல்லாம் சேர்த்துவைத்து வாசிப்பார். முன்மாதிரி யார் என்றதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

"எங்க ஊருக் கோயில் கொடையில ராட்டினம் போட்டிருந்தான். ஒருத்தி தனியா ஏறுனா. புருஷனும் கூட இல்ல, பிள்ளையும் இல்ல. எல்லாரும் சிரிச்சாவ. அவ இறங்கி வந்தப்ப நான் அவ மூஞ்சியப் பாத்தேன். அவதான்."

ஒன்பதாவது கேள்வி. பிடிக்காதது?

"சாவிக்கொத்துச் சத்தம்."

ஏன் என்றேன். சிரித்தார். பத்தாவது கேள்விக்கு, "இப்ப இருக்கேன்லா, இப்படியே இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அவர் இடது கையால் பூசினார். அதையும் ஒரு வரியாக எழுதியிருந்தேன். அண்ணாச்சி ஜன்னலோரம் நின்று படித்தார். இடது கை வரியில் பென்சில் இறங்கியது.

"நீ பாத்தது சரி. எந்தக் கையால பூசினா வாசகனுக்கு என்ன? இடமில்ல."

இன்னொரு இடத்திலும் நின்றார். "சாவிக்கொத்துச் சத்தமா? ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். சிரிச்சாங்க."

"சிரிச்சாளா." பென்சிலை மறுபடி காதில் செருகினார். "நல்ல வரி. இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பத்தி வெளிவந்தது. பெயர் இல்லை, படம் இல்லை, கடைப் பெயர் இல்லை. 'குற்றாலத்தில் வர்ணம் பூசும் பெண்' என்று மட்டும் தலைப்பு.

வியாழக்கிழமை காலை, பதினொரு மணி வாக்கில், கீழே ஒரு கார் வந்து நின்றது. இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள். மூத்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, நெற்றியில் அளவான திருநீறு. செருப்பை மாடிப்படியின் அடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து இருந்தது. சத்தம் வராதபடி அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"தம்பி எழுதுனதுதானா? ரொம்ப நல்லாருந்துச்சு. என் தம்பி வாசகசாலையில வாசிச்சுட்டு, வெட்டி எடுத்துட்டு வந்துட்டான்." கூட வந்த இளையவர் சிரிக்காமல் நின்றார். "எங்க கல்யாணப் படம் ஒண்ணு இருக்கு. கறுப்பு வெள்ளை. அந்த அம்மா கையால வர்ணம் பூசி வாங்கலாம்னு வந்தோம். எந்தக் கடைன்னு பேப்பர்ல இல்லையே."

கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அச்சில் போடமாட்டேன் என்றுதான் அந்தப் பெண்ணிடம் சம்மதித்திருந்தேன். பத்திரிகைக்காரனுக்கு அச்சில் வருவதுதான் பேச்சு, மற்றதெல்லாம் காற்று. அவருக்கு வேலை கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்ற சந்தோஷத்தில் கடைப் பெயரைச் சொன்னேன். பழக்கடை வரிசைக்கு எதிரே என்று வழியும் சொன்னேன். ஒரு துண்டுத் தாளில் படமும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் அண்ணாச்சிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படியிறங்கும்போது சொன்னார்: "இடது கைதான். இருந்தாலும் என்ன சுத்தமாப் பூசுதா, பாத்தியளா."

கார் கிளம்பியது. நான் உட்கார்ந்து, வந்தவர் அவ்வளவு பாராட்டிய பத்தியை இன்னொரு தடவை எடுத்து வாசித்தேன். எழுதுகிறவனுக்கு உள்ள வழக்கமான அற்பத்தனம்தான். இடது கையைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று பார்க்க ஆசைப்பட்டு, அந்த வரியைத் தேடினேன். வரி இல்லை. மறுபடி மேலிருந்து வாசித்தேன். இல்லை. எழுந்து போய்க் கம்பியிலிருந்து பிரதிகளைக் கழற்றினேன். அவசரத்தில் இரண்டு தாள் கிழிந்தது. அந்த வரி அங்கே இருந்தது, அதன்மேல் நேராக ஒரு நீலக் கோடு.

அச்சில் வராத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி" என்று தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், அச்சான பத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவன் இடுப்புல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

சாவிக்கொத்து என்றேன். ஸ்டூடியோவில் தொலைபேசி கிடையாது. போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லுவே? பொண்டாட்டியத் தேடி வந்தேன்னு அவன் சொல்லுவான். போலீசே புடிச்சுக் குடுக்கும். சைக்கிள எடு."

உறையை ரயிலுக்குக் கொடுக்காமல் அவர் ஒரு நாளும் இடத்தைவிட்டு எழுந்ததில்லை. அன்று கதவைக்கூடப் பூட்டாமல் இறங்கினார். என் சைக்கிளின் பின்கேரியரில், வேட்டியைத் தொடையோடு சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குற்றாலம் மூன்று மைல், மேடு. எதிர்க்காற்றும் சாரலும். கண்ணில் தண்ணீர் அடித்தது.

"கார் போயி எவ்வளவு நேரமாச்சு?"

"இருபது நிமிஷம் இருக்கும், அண்ணாச்சி."

"மிதிலே."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "நீ கேட்ட. நான் இருக்கட்டும்னேன்" என்றார்.

கார் வாசலில் நின்றது. உள்ளே, துணி அருவிக்கு முன்னால், படம் எடுக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். தம்பி கதவுக்குப் பக்கத்தில் நின்றார். சாரலுக்கு ஒதுங்கிய குளியல்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் ஈரத் துண்டோடு நின்றார்கள். ஞானமுத்து, படம் கழுவும் இருட்டறையின் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள பிலிம் கழுவிக்கிட்டிருக்கா. மூணு கல்யாணத்துப் பிலிம்" என்று ஞானமுத்து எங்களிடமும் அதையே சொன்னார். "இந்தக் கதவைத் திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் வெளுத்துப் போயிரும். மூணு வீட்டுக்காரனுக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கேன்."

"பொறுக்கோம்" என்றார் அந்த மனிதர் எங்களைப் பார்த்து. முகத்தில் கோபமே இல்லை. "ஆறு வருஷம் பொறுத்தாச்சு. ஒரு மணி நேரத்துல என்ன? அந்த ரூமுக்கு ஒரே கதவுதான். பாத்துட்டேன்."

பிறகு அண்ணாச்சி செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. குடிசையை எண்ணச் சொல்லித் திருப்பி அனுப்பிய மனிதர், ஈரச் சட்டையோடு அந்த ஸ்டூடியோ நடுவில் நின்று பொய் சொன்னார்.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் பத்தியில வந்த பொம்பளை நிஜம் இல்ல. இவன் பத்துப் பேருகிட்டக் கேட்டத ஒருத்தி சொன்ன மாதிரி சேத்து எழுதிட்டான். நான்தான் அனுப்புனேன். நாளைக்கே மன்னிப்புப் போடுதேன்."

அவர் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து வெட்டிய பத்தியை எடுத்து நீட்டினார். ஓர் இடத்தில் நகத்தால் அழுத்திக் கோடு போட்டிருந்தது. ஒன்பதாவது பதிலுக்குக் கீழே.

"இது யாரு சொன்னது, அண்ணாச்சி?"

அந்த மனிதர் உறையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து மடியில் வைத்தார். படத்தில் மணப்பெண்ணுக்குப் பதினெட்டு வயதுக்கு மேல் இருக்காது. அது சாந்தாதான். நிமிராமல் நின்றிருந்தார்.

"நான் ஒண்ணும் ரவுடி இல்ல. நாலு பேரு மதிக்கிற குடும்பம். நாலு வருஷம் எங்கூட இருந்தா. வயலுக்குப் போகையில வீட்டப் பூட்டிட்டுப் போவேன், வந்து திறந்துவிடுவேன். எங்க அய்யாவும் அப்படித்தான் செஞ்சாரு. பொம்பளை இருக்கிற வீட்டத் திறந்து போட்டுட்டா போவாக? இடது கையால சோத்துல கை வச்சா, கட்டிப் போட்டுப் பழக்குனோம். அது தப்பா?" வாசலில் நின்றவர்களைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் வரும் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தது போல இருந்தது. ஈரத் துண்டுக்காரர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர், "அதானே" என்றார். எனக்கு இரண்டாமவர்தான் இன்றுவரை நினைவில் நிற்கிறார்.

அண்ணாச்சி கேட்டார், நிருபராகத்தான் கேட்டார்: "இந்தப் பத்துப் பதில்ல வேற எதை வச்சுக் கண்டுபிடிச்சிய?"

"வேற எதுவுமில்ல. இது ஒண்ணுதான்."

"அப்பளம்? மாந்தளிரு? ராட்டினம்?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். உண்மையான குழப்பத்தோடு சொன்னார். "பொம்பளைக என்னமும் சொல்லுவாளுக. இது ஒண்ணுதான் எங்க வீட்டு விசயம்."

நாலு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார் அந்தப் பெண். எட்டு விருப்பங்களில் ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பிடிக்காதது எது என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்த ஒன்றைக் கேட்டு வாங்கி, அச்சடித்து, வழியும் வரைந்து கொடுத்தவன் நான்.

ஒரு மணி நேரம் ஆனது. அவர் எழுந்தார். இப்போது கை சாவிக்கொத்தைப் பிடித்திருக்கவில்லை. நடந்தபோது சத்தம் கேட்டது. ஞானமுத்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"திறந்துக்கிடுங்க. பிலிம் போனாப் போகட்டும்."

கதவு திறந்தது. நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு தகரத் தட்டுகளில் மருந்துத் தண்ணீர். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய நாலு படங்கள், காய்ந்திருந்தன. ஒரு ஸ்டூல். வேறு யாரும் இல்லை. இருந்த அடையாளமும் இல்லை. நானும் அண்ணாச்சியும் வந்ததிலிருந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே சாந்தா மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்டது போலிருந்தது.

அந்த மனிதர் கத்தவில்லை. ஞானமுத்துவை அடிக்கவும் இல்லை. தம்பிதான் கையை ஓங்கினார். வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் உள்ளே வந்ததும் கையை இறக்கிக்கொண்டார். 'அதானே' என்றவரும் அந்த இரண்டு பேரில் ஒருவர். மனிதர்களைப் பற்றி எனக்கு அதற்குமேல் விளக்கம் சொல்லத் தெரியவில்லை. கார் செங்கோட்டைப் பக்கம் ஒரு தடவை போனது. திரும்பி வந்தது. தென்காசிப் பக்கம் போனது. சாயந்திரத்துக்குமேல் அது குற்றாலத்தில் தென்படவில்லை.

அண்ணாச்சி அன்று மாலை ரயிலுக்கு உறை அனுப்பினார். அருவியில் எவ்வளவு தண்ணீர் என்று நாலு வரி இருந்தது. கண்ணால் பார்த்த, காதால் கேட்ட ஒரு செய்தியை அவர் எழுதாமல் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தி வரவில்லை. மதுரையிலிருந்து விசாரித்தார்கள். சாரல் குறைந்துவிட்டது என்று பதில் எழுதினார். சாரல் குறையவில்லை.

மூன்று வாரம் கழித்து நான் தனியாக ஸ்டூடியோவுக்குப் போனேன். உள்ளறை ஜன்னலோரத்தில் யாருமில்லை. ஞானமுத்து ஒரு குடும்பத்தைத் துணி அருவிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

"கார்க் கதவு திறந்து சாவிக்கொத்து குலுங்குன சத்தம் கேட்டப்பவே எந்திரிச்சுட்டா" என்றார் அவர் தானாகவே. "அவன் வாசப்படி ஏறயில அவ பின்கட்டுல எங்க வீட்டு அடுப்பங்கரையத் தாண்டிட்டா. என் சம்சாரம் ஒரு சேலைய மேல போத்திவிட்டா. சிவப்பு பல்பைப் போட்டது நான்தான். சினிமா மாதிரி இருந்துச்சுல்லா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நல்லாருக்கா, தம்பி. தகவல் வந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு கடிதம் எழுத வேண்டும், எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். மதுரை டெஸ்க்குக்கு மாற்றல் கேட்டு அன்று காலைதான் எழுதிப் போட்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

ஞானமுத்து காமிராவின் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"ரெண்டு பேருகிட்ட மட்டும் சொல்லிராதியன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. ஒண்ணு அவன்."

இன்னொருவர் யார் என்று நான் கேட்கவில்லை.

"உங்களைக் கெட்டவன்னு சொல்லல, தம்பி. தப்பா நினைக்காதிய. அழுதுக்கிட்டேதான் சொன்னா. 'அவன் வந்தா நான் வாயத் திறக்க மாட்டேன். அந்தத் தம்பி வந்து ஒக்காந்து கேட்டா, எல்லாத்தையும் சொல்லிருவேன்'னா."